டாங்கிக்கு ஓ-ரிங் செய்ய ஏஜெண்டுக்கு எதற்கு இரண்டு லட்சம்?

கேள்வி: கப்பலூரில் சிறிய ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆவடியில் பாலம் போடும் ராணுவ டாங்கிக்கு உதிரிபாகம் செய்ய 'வெண்டர் கோடு' (சப்ளையர் பதிவு எண்) வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். ஆர்டினன்ஸ் போர்டில் ஆள் இருக்கிறதாம், டிராயிங்கும் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

2025 ஜனவரியில் 47 டி-72 பாலம் போடும் டாங்கிகளுக்குச் சுமார் 1,560 கோடி ரூபாய் ஒப்பந்தம் ஆவடிக்குக் கிடைத்தது உண்மைதான். அந்தச் செய்தியை செல்போனில் வைத்துக்கொண்டு சிட்கோ சிட்கோவாக அலைகிறவர்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ராணுவத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆர்டினன்ஸ் போர்டு 2021 அக்டோபர் 1-ஆம் தேதியே கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஆவடி தொழிற்சாலை ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இல்லாத போர்டில் எந்த ஆள் இருப்பார்?

அந்த டாங்கியில் பீரங்கிக்குப் பதில் மடித்த பாலம் இருக்கும். வீரர்கள் உள்ளே உட்கார்ந்தபடியே அதைக் கத்தரிக்கோல் போல விரித்து, 20 மீட்டர் பாலத்தைப் பள்ளத்தின் மேல் வைப்பார்கள். தூக்குவது, விரிப்பது எல்லாம் ஹைட்ராலிக் சிலிண்டர். அதில் எண்ணெய் கசியாமல் காப்பது சீல், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள். உங்கள் தொழில் அங்கேதான் வருகிறது. மினரல் ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் தாங்கும். அதே அச்சில் ஈ.பி.டி.எம். என்ற வேறு ரப்பரைப் போட்டால் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு வளையம்தான், அதனால் எந்த ரப்பர் என்பதை டிராயிங்தான் சொல்ல வேண்டும்.

அந்த டிராயிங்கை ஏஜெண்டிடம் வாங்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்த பழைய ரிவிஷனாக இருந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். அது ரகசியத் தாளாக இருந்துவிட்டால் 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் உங்கள் பட்டறை வாசலுக்கே வரும். டெண்டரோடு வருகிற டிராயிங் மட்டும் போதும்.

சரி, நீங்களே என்ன செய்வது? சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் பதிவதற்கும் கட்டணம் கிடையாது. உள்நாட்டிலேயே செய்ய வேண்டிய பாகங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் தளத்தில் பட்டியலாக இருக்கின்றன. சிறு தொழில் என்றால் டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையை (ஈ.எம்.டி.) கட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில்தான் நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். அந்தச் சலுகை உற்பத்தியாளருக்கு, வியாபாரிக்கு இல்லை. உங்கள் உத்யம் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். முக்கியத் தொழில் என்ற இடத்தில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா, 'வர்த்தகம்' என்று இருக்கிறதா? ரப்பர் உற்பத்திக்கான குறியீடு 22 என்று தொடங்கும். 46 என்று தொடங்கினால் மொத்த வியாபாரம். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் தட்டிய ஒரு எண்ணால், மூன்று பிரஸ் ஓடும் பட்டறை காகிதத்தில் கடையாகிவிடும். டெண்டரைத் திறப்பவர் உங்கள் பிரஸ்ஸைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார். ஆதார் ஓ.டி.பி. போட்டு நீங்களே திருத்தலாம், அதற்கும் காசில்லை.

பணம் 45 நாளுக்குள் வர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையின் பில், கம்பெனிப் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டதற்காக இரண்டு தடவை திரும்பி வந்தது. சரக்கில் குறையே இல்லை! ஆகவே முதல் ஆர்டரைக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

அப்புறம், ஏஜெண்டுக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது ஜி-பேயில் போட்டிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸாப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.