அலமாரிக் கதவில் வண்ணக் கண்ணாடி: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மர அலமாரியும் அதற்கு ஈயத்தால் இணைத்த வண்ணக் கண்ணாடிச் சட்டமும் செய்கிறவன் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். விலை கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் வரும்.

லிந்தாங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நியாத்தோ மரத்தில் கதவு செய்து கண்ணாடி மாட்டினேன். மூன்றே மாதத்தில் மூலையில் கீறல். கண்ணாடி மட்டமா?

கண்ணாடி மேல் பழி போடாதீர்கள் தம்பி. மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான் ஊதும். சூளையில் காய்ந்த பலகை ஏறக்குறைய 10 சதவீத ஈரத்தோடு வருகிறது. சன்னல் திறந்தே கிடக்கும் நம்மூர் வீட்டில் அது 15 வரை ஏறும். 6 செ.மீ. அகலச் சட்டம் அரை மில்லி, முக்கால் மில்லி தடிக்கும். இரண்டு பக்கச் சட்டமும் உள்நோக்கித் தடித்தால், காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், இறுக்கமாக உட்கார்ந்த கண்ணாடி எங்கே போகும்? நாலு பக்கமும் 2 மில்லி விடுங்கள். காடி 8 மில்லியாவது ஆழம் இருந்தால் அந்த இடைவெளி வெளியே தெரியாது. கண்ணாடியைப் பிடித்து முன்னால் நிற்கும் மெல்லிய மரக்குச்சியை (பீடிங்) பசை போட்டு ஒட்டாதீர்கள், சிறு ஆணி போதும். நாளைக்கு ஒரு துண்டு உடைந்தால் கழற்ற வேண்டாமா?

ஒரு அக்கா: சிலிக்கான் வைத்து ஒட்டலாமா?

டியூபைத் திறந்து மோந்து பாருங்கள் அக்கா. வினிகர் நெடி அடித்தால் மூடி வைத்துவிடுங்கள். அந்த ஆவி ஈயத்தை அரித்து வெள்ளையாகப் பூக்கவைக்கும், செம்பையும் அரித்துப் பச்சையாக்கும். 'நியூட்ரல்' வகை கேட்டு வாங்குங்கள். ஓக் மரமும் இதே வேலையைச் செய்யும், மூடிய அலமாரிக்குள் ஈயத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

குவாலா கங்சார்: ஈயப் பட்டையா, செம்புத் தகடா?

மயில், தாமரை என்று சின்னச் சின்னத் துண்டாக வந்தால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சுற்றி ஒட்டும் டிஃப்பனி வழக்கத்து மெல்லிய செம்புத் தகடு. நேர்கோட்டுக் கட்டங்களுக்கு ஈயப் பட்டை. எதுவானாலும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே நேர்கோடாகப் பற்று (உருக்கி இணைக்கும் சால்டர்) ஓடக்கூடாது, சட்டம் அங்கேதான் கீல் போல மடியும். ஓரத்துக்கு ஜிங்க் பட்டை அடியுங்கள்.

ஒரு மாணவர்: கீல் எத்தனை?

3 மில்லிக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. ஈயத்தின் எடை தனி. உயரமான கதவுக்கு மூன்று.

ஒரு தோட்டத்துப் பெரியவர்: தம்பி, பேத்தி வீட்டில் சாமி மாடம் ரப்பர் பால்மரத்தில் செய்யப் போகிறார்களாம். அது விறகு ஐயா! சாமிக்கு விறகா?

ஒரு இளைஞர்: தாத்தா, மூவார்ல இருந்து அதே மரம்தான் மேசை, கட்டிலாகி வெளிநாட்டுக்குப் போகுது.

பெரியவர்: போகட்டுமே. எங்க அம்மா இருட்டோட எழுந்து நிரை போட்டுப் பால் வெட்டின மரம் அது. பால் மங்கு துடைச்ச கைக்குத் தெரியும், எது சாமிக்கு எதுன்னு.

இளைஞர்: அம்மா பாடுபட்ட மரம்னா அதுல சாமி இருக்கறதுதானே நியாயம்?

இதற்குப் பிறகு ஏகப்பட்ட பேர் பேசிவிட்டீர்கள், கண்ணாடியை எல்லாரும் மறந்தாச்சு. தச்சனாகச் சொல்கிறேன்: பெரியவர் சொல்வது அவர் காலத்துக்கு உண்மை. 25, 30 வருடம் பால் கொடுத்த மரத்தை மறுநடவுக்கு வெட்டினால் அடுப்புக்குத்தான் போகும். வெட்டிய கையோடு பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைக்கும் முறை வந்த பிறகுதான் 1980-களில் அது மேசை நாற்காலிக்கு வந்தது. அப்படி வந்த பலகை நல்ல பலகை, ஆணி பிடிக்கும், நிறம் ஏறும். ஆனால் தோட்டத்து ஓரத்தில் கிடக்கும் கட்டையை அறுத்துக்கொண்டு வந்தால் சில நாளிலேயே பூஞ்சையால் நீலம் பாயும், பிறகு வண்டு துளைத்துத் தூள் கொட்டும். மழைச்சாரல் படும் இடத்துக்கும் ஆகாது. சாமிக்கு ஆகுமா என்பதைப் பேத்தியும் தாத்தாவும் பேசி முடிவு செய்யட்டும். நான் கேட்பது ஒன்றுதான், போரான் ஏற்றினதா?

இன்னொரு அண்ணன்: என்ன சிலிக்கான் நல்லது?

மேலே அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். வினிகர்.

சித்தியவான்: மாடத்துக்குள் விளக்கு ஏற்றலாமா?

கண்ணாடிக்கு அருகில் வேண்டாம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்றால் சாதாரணக் கண்ணாடி தாங்காது. தீபம் மாடத்துக்கு வெளியே, தட்டில். கரி படிந்தால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம், பற்றுக்கு நாம் ஏற்றிய கருமையையும் எடுத்துவிடும்.

மறுபடி ஒருவர்: என் கதவிலும் மூலையில் கீறல்…

முதல் கேள்வி. 2 மில்லி.

கரையான் கேட்ட மூவர்: பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

ஒரு அம்மா: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வரட்டுமா, கற்றுத் தருவீர்களா?

நீங்கள் வாருங்கள் அம்மா, மூடிய செருப்போடு. பிள்ளைகள் வேண்டாம். நாங்கள் உருக்கும் பற்றில் 40 சதவீதம் ஈயம், அது கையில் ஒட்டும். பட்டறையில் தின்பண்டம் கிடையாது, வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சனிக்கிழமை காலை திறந்திருக்கும்.