பம்பு ஏன் தண்ணீர் எடுக்கவில்லை? தீயணைப்பு கேள்வி-பதில்

பங்குனி வெயில் ஏறிவிட்டால் சேர்வராயன் மலைச் சரிவில் தீப்பிடிக்க ஒரு பீடித் துண்டு போதும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் பம்பைப் பற்றியே.

கேள்வி: மலைக்குக் கீழே ஓமலூரில் 22 அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்த டீசல் பம்பு, ஏற்காட்டுத் தோட்டத்துக் குட்டையில் 20 அடிக்கே திணறுகிறது. பம்பு போய்விட்டதா?

பம்பை விற்றுவிடாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது. பம்பு குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றும், அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது குட்டையை அழுத்தும் வெளிக்காற்று. கடல் மட்டத்தில் அது கணக்குப்படி 34 அடி வரை தள்ளும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று லேசு, அதனால் 28 அடிதான். உராய்வும் கசிவும் போக இதில் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்தாலே நல்ல பம்பு. மலையில் 15 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்திலிருந்து பம்பின் நடுப்பகுதி வரை செங்குத்தாக அளக்க வேண்டும். பம்பைக் கரையில் ஐந்து அடி கீழே இறக்கினாலே வேலை முடிந்தது.

கேள்வி: எங்கள் கிணற்றில் தண்ணீர் 60 அடியில். தீயணைப்பு வண்டி அதிலிருந்து எடுக்குமா?

எடுக்காது. எத்தனை குதிரைத்திறன் பம்பானாலும் மேலிருந்து அவ்வளவு ஆழத்துக்கு உறிஞ்ச முடியாது. சப்மெர்சிபிள் மோட்டாரால் தரைத்தொட்டியை நிரப்பி வையுங்கள். வண்டி தொட்டி ஓரம்வரை வர கெட்டியான வழியும் வேண்டும். தீ என்றதும் 101-க்குச் சொல்லும்போதே தொட்டி இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏரியில் ஒத்திகை பார்த்தோம். தண்ணீர் வருகிறது, சட்டென்று அறுந்துவிடுகிறது.

பெரும்பாலும் ஏர் வாங்குகிறது. முதலில் ஸ்ட்ரெய்னரை, அதாவது தண்ணீருக்குள் இருக்கும் ஹோஸ் முனையின் வடிகட்டியைப் பாருங்கள். அது நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழேயாவது இருக்க வேண்டும். மேலே சுழி விழுந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அதற்காகச் சேற்றிலும் படுக்க விடாதீர்கள், கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஆகாயத்தாமரை உள்ள ஏரியென்றால் ஒரு மூங்கில் கூடைக்குள் வையுங்கள்.

அப்புறம் வேக்கம் கேஜ், அதாவது பம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் முள் மீட்டர். முள் நன்றாக ஏறியும் தண்ணீர் வரவில்லையென்றால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், அல்லது உயரம் அதிகம். முள் ஏறவே இல்லையென்றால் கசிவு. ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைச் சுற்றி சோப்பு நுரை தடவுங்கள். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் வாஷர் வெடித்திருக்கிறது. பத்து ரூபாய்ச் சாமான்தான், ஆனால் நடுத்தீயில் தேடினால் கிடைக்காது. இரண்டு வாஷரைப் பம்போடு கட்டியே வையுங்கள். ஹோஸ் கரையின் மேல் வளைந்து பம்பின் வாயைவிட உயரமாகப் போகவும் கூடாது, அந்த மேட்டில் காற்று தங்கிவிடும்.

கேள்வி: தண்ணீர் பீய்ச்சும் டெலிவரி ஹோஸையே சக்ஷனுக்கு, அதாவது உறிஞ்சும் பக்கத்துக்குப் போடலாமா?

கூடாது. உறிஞ்சியதும் சப்பிப்போகும். உள்ளே சுருள் வைத்த கெட்டி ஹோஸ் விவசாயக் கடைகளிலேயே கிடைக்கிறது.