மருத்துவக் கல்லூரியில் நரம்பறிவியல் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தேர்வுக் குழு உண்மையில் எதைப் பார்க்கிறது?

போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடியப்போகிறது, மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெரிய இதழில் கட்டுரை இல்லையே என்று பயப்படுகிறீர்கள். கேள்வியை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இந்த வேலை கேட்டும் போயிருக்கிறேன், குழுவில் உட்கார்ந்து ஆளும் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். குழுவில் பேசியதை வெளியே சொல்லலாமா என்று கேட்பவர்களுக்காக முன்னதாகவே ஒன்று: யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கட்டுரைப் பட்டியல் உங்களை நேர்காணல் வாசல்வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். இதழின் பெயரை யாரும் பார்ப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) வைத்து ஆராய்ச்சியாளரை எடைபோடக் கூடாது என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் விண்ணப்பங்கள் நூற்றைத் தாண்டிவிட்டால் முதலில் சலித்தெடுக்கும்போது கண் அங்கேதான் போகிறது. எங்கள் குழுவிலும் போனது. அமெரிக்காவில் என்றால் கே99/ஆர்00 கிரான்ட் (போஸ்ட்டாக் காலத்துக்கு ஒன்று, சொந்த ஆய்வகத்துக்கு ஒன்று என இரண்டு பகுதிகளாக வரும் அரசு ஆராய்ச்சி நிதி) கையில் இருப்பவருக்கு மதிப்பு கூடுதல், ஏனென்றால் அதன் இரண்டாம் பகுதிப் பணம் ஆளோடு சேர்ந்து புது இடத்துக்கு வரும். உங்களுக்கு அழைப்பே வந்துவிட்டது. அதனால் இந்தக் கவலையை இத்தோடு விடுங்கள்.

முடிவு பெரும்பாலும் சாக் டாக்கில்தான், அதாவது குழுவின் முன் பலகையில் எழுதி உங்கள் ஆய்வுத் திட்டத்தை விளக்கும் பேச்சில்தான், நடக்கும். ஸ்லைடு கிடையாது. ஒரு பலகை, ஒரு மார்க்கர், சுமார் ஒரு மணி நேரம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்ன செய்வீர்கள், முதல் கிரான்ட்டில் என்ன கேட்பீர்கள் என்று எழுதிக்கொண்டே பேச வேண்டும், நடுநடுவே மறித்துக் கேட்பார்கள். எதிரில் இருப்பவர்கள் ஒரே துறையில் படித்தவர்கள் இல்லை என்பதை மறக்காதீர்கள். ஸ்டீபன் குஃப்ளர் 1966-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நரம்புயிரியல் துறையைத் தொடங்கியபோது உடலியங்கியல், உயிர்வேதியியல், உடற்கூறியல் ஆட்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் அதே கலவைதான், கூடவே நரம்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் இருப்பார்கள். அயனி வாயில் (செல் சவ்வில் மின்னேற்றத் துகள்கள் போய்வரும் துளை) பற்றிப் பேசும்போது மருத்துவர் விழிப்பார், நோயைப் பற்றிப் பேசும்போது நரம்புச் செல்களின் மின்சாரத்தைப் பதிவு செய்பவர் நெளிவார். நிச்சயமாக வரும் கேள்விகள் இரண்டு. உங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் நோக்கம் பொய்த்துப் போனால் இரண்டாவதும் மூன்றாவதும் நிற்குமா? உங்கள் வழிகாட்டியே இதைத் தொடர்ந்து செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு, நேர்காணலுக்குப் போகுமுன்பே வழிகாட்டியிடம் உட்கார்ந்து பேசி, எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நாங்கள் கூப்பிட்டவர்களில் ஒருவர், விழித்திருக்கும் சுண்டெலியின் மூளைப்புறணியில் டூ-ஃபோட்டான் நுண்ணோக்கி (உயிருள்ள மூளையின் உள்ளே லேசரால் படமெடுக்கும் கருவி) வைத்து, ஒரே டென்ட்ரைட்டின் (நரம்புச் செல்லின் கிளையின்) முட்களை, அதாவது அதில் முளைத்திருக்கும் நுண்ணிய புடைப்புகளை, வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுப்பவர். அவருடைய சாக் டாக் போல நான் இன்றுவரை கேட்டதில்லை. ஒன்று பொய்த்தாலும் மற்றவை நிற்கும்படி மூன்று நோக்கங்களையும் தனித்தனிக் கால்களில் நிறுத்தியிருந்தார். மறுநாள் அவருக்கென ஒதுக்கவிருந்த அறையைக் காட்டப் போனோம். சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதற்கு மேல் தளத்தில் என்ன இருக்கிறது? தரையின் அதிர்வை அளந்து எனக்கு அனுப்ப முடியுமா?"

நியாயமான கேள்வி. ஒரு முள்ளின் தலை ஒரு மைக்ரான்கூட இருக்காது. படம் இரண்டு மைக்ரான் ஆடினால் போதும், நேற்றுப் பார்த்த முள் இதுதானா என்று சொல்ல முடியாது. காற்றில் மிதக்கும் மேசை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். அந்த மேசை வேகமான அதிர்வுகளை நன்றாக அடக்கும், ஆனால் நொடிக்கு ஓரிரு முறை வரும் மெதுவான ஆட்டத்தை அடக்காது, சில சமயம் கூட்டியும் விடும்.

குழு கூடியபோது மூத்தவர் ஒருவர், "வேலைக்கு வருமுன்பே இவ்வளவு கேட்கிறவர், வந்தபின் என்ன செய்வார்?" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். "ஒத்துப்போக மாட்டார்" என்ற சொல் மேசைமேல் விழுந்தது. அதிர்வை யாரும் அளக்கவில்லை. வேலை தரும் கடிதம் இரண்டாவது இடத்தில் இருந்தவருக்குப் போனது. அவரும் நல்ல ஆய்வாளர்தான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை. பேட்ச் கிளாம்ப் முறையில் ஒரு செல்லின் மின்னோட்டத்தை அளப்பவர். அவருக்குக் கொடுத்த அந்த அறையின் மேல் தளத்தில் காற்றோட்ட எந்திரம். ஒரு மைக்ரான் அளவு நுனியுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின்மேல் ஒட்டி அரைமணி நேரம் பிடித்து வைக்க வேண்டும், எந்திரம் ஓடும்போதெல்லாம் பிடி விட்டுப்போனது. வேறு அறை கிடைப்பதற்குள் அவருக்கு ஓராண்டு போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு நிரந்தரப் பதவி கிடைத்திருக்கவில்லை, மூத்தவரின் ஓட்டு எனக்கும் தேவைப்பட்டது. அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வலி அதிகமாக இருப்பதற்குக் காரணம், கேட்காமல் விட்டதன் விலை எனக்கே தெரியும் என்பதுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் ஆய்வு எலிகளை "கொண்டு வரலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். வந்தபின், பழைய இடத்து எலிகளை அப்படியே உள்ளே விட முடியாது, கிருமியில்லாத தாயின் வயிற்றில் கருவை வைத்து மறுபடி பிறப்பித்தால்தான் அனுமதி என்றார்கள். விதி சரியானதே. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கர்ப்பம் மூன்று வாரம், பால் மறக்க மூன்று வாரம், குட்டி போடும் வயதுக்கு வர பிறந்ததிலிருந்து 6 முதல் 8 வாரம். இரண்டு மரபுமாற்றங்களை ஒரே எலியில் சேர்க்க இன்னும் ஒன்றிரண்டு தலைமுறை. முதல் பரிசோதனைக்கு முன்பே ஓராண்டு கரைந்தது. நிரந்தரப் பதவிக்கான காலக்கெடுவோ சேர்ந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் அறையைப் பாருங்கள், மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், எலிகள் எத்தனை மாதத்தில் உள்ளே வரும் என்று கேளுங்கள், ஆய்வகம் தயாராகும் நாளிலிருந்து காலக்கெடு தொடங்குமா என்று கேளுங்கள். கேட்டதால் ஒருவருக்கு வேலை போனதைச் சொல்லிவிட்டு எங்களையும் கேட்கச் சொல்கிறாயே என்று நீங்கள் கேட்கலாம். வேலையை உங்களுக்குத்தான் தருகிறோம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னபின் கேளுங்கள், அப்போது பின்வாங்குவது அவர்களுக்குக் கடினம். அவர் ஒரு நாள் முந்திக் கேட்டுவிட்டார். பதில்கள் எல்லாம் வேலை தரும் கடிதத்தில் வர வேண்டும். சம்பளத்தில் எத்தனை விழுக்காட்டை உங்கள் கிரான்ட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், எந்த ஆண்டிலிருந்து, கிரான்ட் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரிகளில் இது பெரிய விஷயம். இரண்டு துறைகளில் கூட்டுப் பதவி என்றால், பதவி உயர்வுக்கு ஓட்டுப் போடும் தாய்த் துறை எது என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை நேர்காணல்களில் ஒருவரிடம்கூட "மருத்துவ மாணவர்களுக்கு நரம்பு உடற்கூறியல் சொல்லித் தருவீர்களா?" என்று யாரும் அக்கறையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பக்கவாட்டில் ரத்த ஓட்டம் நின்றால் ஒரு பக்க முகத்திலும் எதிர்ப்பக்க உடலிலும் வலியும் சூடும் தெரியாமல் போவது ஏன் என்று, மூளைத்தண்டின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்துச் சொன்ன பிற்பகலை நான் மறக்கவில்லை. நாளைக்கு நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போவது அவர்தான். என் பதவி உயர்வுக் கோப்பில் அந்த வகுப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வரி.

உங்களைக் கூப்பிட்டிருப்பது அடிப்படை அறிவியல் துறையா, நரம்பு மருத்துவம் போன்ற சிகிச்சைத் துறையா என்று சொல்லுங்கள். சம்பளக் கணக்கு இரண்டிலும் வேறு வேறு, தெரிந்தால் அதையும் எழுதுகிறேன்.