ஜார்ஜ் பீபாடி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் பீபாடியைப் பற்றிய தங்கள் கட்டுரை முழுவதும் அவருடைய கொடைகளையே பேசுகிறது. வாழ்நாளெல்லாம் சேர்த்துவிட்டு முதுமையில் கொடுத்தவரை இவ்வளவு போற்ற வேண்டுமா? வணிகராகவும் வங்கியாளராகவும் அவர் எப்படிப்பட்டவர்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் குறை நியாயமானது. உண்மையில் அவரை நான் மதிப்பதற்கு முதற்காரணம் கொடை அன்று, அவருடைய தொழில் நேர்மை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1795இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பீபாடி, நான்கே ஆண்டுகள் பள்ளி சென்று, பதினொரு வயதில் கடைவேலைக்குப் போனவர். பால்டிமோரில் எலிஷா ரிக்ஸுடன் கூட்டாகத் துணி வணிகம் செய்து வளர்ந்து, 1837இல் லண்டனில் குடியேறி, அமெரிக்க மாநிலங்களின் கடன் பத்திரங்களை விற்கும் தொழிலுக்கு மெல்ல மாறினார்.

கால்வாய்க்கும் ரயில் பாதைக்குமாக மேரிலாந்து மாநிலம் வெளியிட்ட 80 லட்சம் டாலர் பத்திரங்களை விற்றுத் தரும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பொருளாதார நெருக்கடியில் சிக்கிய மாநிலம் 1842இல் வட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்தக் கடன் பீபாடியுடையது அல்ல. ஆனாலும், தம் சொல்லை நம்பிப் பத்திரம் வாங்கியவர்களுக்குத் தாம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுபோல, கடனைத் தீர்க்கும்படி மேரிலாந்துக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1848இல் வட்டி மீண்டும் கொடுக்கப்பட்டது. தமக்கு உரிய 60,000 டாலர் தரகை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது அவர் முதியவரும் அல்லர், ஊரறிந்த வள்ளலும் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

1854இல் ஜூனியஸ் மார்கன் என்ற அமெரிக்க வணிகரைக் கூட்டாளியாகச் சேர்த்தார். 1857 நிதி நெருக்கடியில் பீபாடியின் நிறுவனமே ஆட்டங்கண்டபோது, அந்நாட்டின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கி 8 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க முன்வந்ததால் தப்பியது.

பெருங்கொடைகள் பெரும்பாலும் இதற்குப் பிந்தியவை என்பதில் நீங்கள் சொல்வது சரி. லண்டன் ஏழைகளின் குடியிருப்புகளுக்கு 1862இல் 1,50,000 பவுண்டு கொடுத்துத் தொடங்கி, பின்னர் அதை 5 லட்சமாக உயர்த்தினார். உள்நாட்டுப் போரில் சிதைந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்விக்காக 1867இல் ஒரு நிதியை நிறுவினார். இந்த இரண்டாவது கொடையைப் பற்றி என் கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. அந்நிதியை நிர்வகித்தவர்கள் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளை எதிர்த்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குக் குறைந்த விகிதத்திலேயே உதவினார்கள். நிதியால் எழுந்த பள்ளிகளை நெகிழ்ந்து பாராட்டிய நான், இதை எழுதாமல் விட்டது பிழை.