பண்டைய ரோம வரலாற்றையும் இன்றைய உலக அரசியலையும் சமூக வலைத்தளங்களில் எப்படிப் பின்தொடர்வது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: நெல்லையில் கல்லூரிப் படிப்பு. போனைத் திறந்தால் ரோமப் பேரரசு பற்றிய ரீல்ஸும், செங்கடல் தாக்குதல், அமெரிக்கா, சீனா பற்றிய காணொளிகளும் மாறி மாறி வருகின்றன. யாரைப் பின்தொடர்வது, எதை நம்புவது என்று பிடிபடவில்லை.

கணக்குகளின் பட்டியல் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று பொறுப்பாக எழுதுகிறவர் நாளை பார்வை எண்ணிக்கைக்காக எதையும் போடக்கூடும். அதைவிட ஒரே ஒரு கடல்வழியைத் தேர்ந்தெடுத்து, அதை இரண்டு காலத்திலும் விடாமல் பின்தொடருங்கள். நம்ம பக்கத்தில் அது தயாராக இருக்கிறது. அன்று கொற்கை, இன்று தூத்துக்குடி. அங்கிருந்து அரபிக்கடல், பாப் எல் மண்டேப் நீரிணை, செங்கடல், எகிப்து. ரோம் முழுவதையும் உலகம் முழுவதையும் ஒரேயடியாகப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு வழியை மட்டும் பார்த்தால் தூரம், காற்று, வரி, சரக்கு, கப்பல் எண்ணிக்கை என்று சரிபார்க்கக்கூடிய விஷயங்கள் கைக்கு வரும்.

பழைய பக்கத்துக்கு நான்கு ஆதாரங்கள் போதும். முதலாவது, செங்கடல் பயணக் கையேடான பெரிப்ளஸ். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த, பெயர் தெரியாத ஒருவர் கிரேக்கத்தில் எழுதியது. மொத்தம் 66 சிறு பத்திகள்தான். ஒரு மாலையில் படித்துவிடலாம். 25ஆம் பத்தியில் பாப் எல் மண்டேப் நீரிணை வருகிறது. 59ஆம் பத்தியில் பாண்டியர் ஆட்சியிலிருந்த கொற்கை வருகிறது. அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மற்றவை ரோம அறிஞர் பிளினி எழுதிய 'இயற்கை வரலாறு' தொகுப்பின் 6, 12ஆம் நூல்கள், கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவின் நூல், கேரளக் கரையிலிருந்த முசிறித் துறைமுக வணிகம் பற்றி பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் ஒப்பந்தம். இவற்றில் பெரும்பாலானவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு லாகஸ் கர்ட்டியஸ், பெர்சியஸ் போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

பதிவில் வரும் எந்தக் கூற்றையும் நூல் எண், பத்தி எண் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். எண் கொடுக்காத பதிவை உண்மை என்றும் கொள்ள வேண்டாம், பொய் என்றும் கொள்ள வேண்டாம், ஓரமாக வையுங்கள்.

தமிழ்ப் பக்கங்களில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் தங்கத்தைத் தமிழர்கள் ரோமிலிருந்து கறந்தார்கள், பிளினியே புலம்பியிருக்கிறார் என்பார்கள். 10 கோடி என்ற எண் 12ஆம் நூல் 84ஆம் பத்தியில் இருக்கிறது. அது இந்தியா, சீனம், அரேபியா மூன்றுக்கும் சேர்த்துச் சொன்னது. இந்தியாவுக்கு மட்டும் அவர் சொல்வது 5 கோடி. அது 6ஆம் நூல் 101ஆம் பத்தி. அதுவும் இந்தியா முழுமைக்கும், தமிழகத்துக்கு மட்டும் அல்ல. செஸ்டர்ஸ் தங்கக் காசும் அல்ல. 4 செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளி டெனாரியஸ். தென்னிந்தியாவில், அதிலும் கோவை வட்டாரத்தில், கிடைத்த வெள்ளிப் புதையல்களில் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ்கள்தான். இதோடு மில்லியனைக் கோடியாக்கும்போது வரும் குளறுபடியும் சேர்ந்துகொள்ளும். 10 மில்லியன்தான் ஒரு கோடி; 50 மில்லியனைப் பார்த்து 50 கோடி என்று எழுதிய பதிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சரி, 5 கோடி பெரிய தொகையா? பிளினி காலத்தில் சாதாரண ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். வகுத்தால் ஏறக்குறைய 55,000 வீரர்களின் சம்பளம். எந்தப் பழைய எண்ணையும் இப்படிச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். அதை இன்றைய ரூபாய்க்கோ டாலருக்கோ மாற்றிச் சொல்கிறவர்களை விட்டு விலகுங்கள். எந்த விலையை அடிப்படையாக வைப்பது என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும்.

அடுத்து பாப்பிரஸ். ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பை அது 1,154 டாலந்து, 2,852 திராக்மா என்று தருகிறது. ஒரு டாலந்து 6,000 திராக்மா. ஆக 69,26,852 திராக்மா. எகிப்தியத் திராக்மாவை ஏறக்குறைய ஒரு செஸ்டர்ஸ் என்று கொள்ளலாம். பிளினியின் 5 கோடியை இதால் வகுத்தால் ஏழு கப்பல்தான் வருகிறது. ஆனால் எகிப்தின் செங்கடல் கரையிலிருந்த மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போவதாக ஸ்டிராபோ எழுதுகிறார். உடனே பிளினி பொய் சொன்னார் என்று ஒரு காணொளி வந்துவிடும். அவசரம் வேண்டாம். பாப்பிரஸில் இருப்பது சரக்கு எகிப்துக்கு வந்தபின் போட்ட மதிப்பு. பிளினி சொல்வது வெளியே போன பணம். இந்தியப் பொருள் ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று அதே பத்தியில் அவரே எழுதியிருக்கிறார். போதாததற்கு ஸ்டிராபோ 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர், பாப்பிரஸ் 2ஆம் நூற்றாண்டினது. இரண்டு எண்ணை ஒப்பிடுமுன் எந்த இடத்து விலை, எந்த ஆண்டு என்று இரண்டையும் கேட்க வேண்டும். இந்தச் சரக்குக்கு 25 சதவீதச் சுங்கம் ரோம அரசுக்கே போனது. எனவே வணிகம் அரசு கஜானாவை வற்றச் செய்தது என்பதும் அப்படியே ஏற்கத்தக்கது அல்ல. ஆடம்பரத்தைக் கண்டிப்பதில் பிளினிக்கு இருந்த ஆர்வத்தையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

இன்றைய பக்கத்துக்கும் இதே முறைதான். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றிய பிறகு செங்கடல் காணொளிகள் குவிந்தன. தாக்குதல் நடந்ததா என்று பார்க்க யூகேஎம்டிஓ என்ற பிரிட்டிஷ் கடல் வணிக எச்சரிக்கை அமைப்பின் அறிவிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் எண், எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை கடல்மைல், எந்தத் திசை என்று இருக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கூட்டாததால் ஒரே தாக்குதல் இரண்டு தேதிகளில் இரண்டு தாக்குதலாகிவிடும். நம் கடற்படையின் அதிகாரபூர்வக் கணக்கும் உதவும். 2024 ஜனவரியில் மார்லின் லுவாண்டா கப்பல் ஏடன் வளைகுடாவில் தீப்பிடித்தபோது ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் உதவிக்குப் போனது. கப்பலில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். நம் கடலோர ஊர்களில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் இருக்கும் வீடுகள் எத்தனையோ. அவர்களுக்கு ஒரு வதந்தி எவ்வளவு பெரிய வேதனை என்பதை ஃபார்வேர்டு செய்யுமுன் நினைக்க வேண்டும்.

கப்பல்கள் உண்மையில் வழி மாறினவா என்பதற்கு சர்வதேச நாணய நிதியத்தின் போர்ட்வாட்ச் தளம் இருக்கிறது. பாப் எல் மண்டேப், சூயஸ், நன்னம்பிக்கை முனை ஆகியவற்றை நாள்தோறும் கடந்த கப்பல்களின் எண்ணிக்கையை அங்கே பார்க்கலாம். முதல் இரண்டும் சரிந்து மூன்றாவது ஏறினால் செய்தி உண்மை. தனித்தனிக் கப்பலைக் காட்டும் இலவச வரைபடங்களில் கவனம் தேவை. அவை பெரும்பாலும் கரையிலுள்ள ஆன்டெனாக்களை நம்பியவை. நடுக்கடலில் கப்பல் மறைந்தால் மூழ்கிவிட்டது என்று பொருள் இல்லை. ஆபத்துப் பகுதியில் கருவியையே அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஜிபிஎஸ் குறுக்கீட்டால் கப்பல் பாலைவனத்தில் நிற்பதாகவும் காட்டும்.

'தூத்துக்குடி முடங்கியது' என்ற வகைத் தலைப்புகளை இப்படிச் சோதியுங்கள். தூத்துக்குடிக் கன்டெய்னர்களில் கணிசமானவை கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் கூடுதலாக 10 முதல் 14 நாள் ஆகும். அதன் வலி முதலில் சரக்குக் கட்டண உயர்விலும் காலிக் கன்டெய்னர் தட்டுப்பாட்டிலும்தான் தெரியும். துறைமுக வாசலில் லாரி வரிசையின் படம் ஒன்றை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

இனி இரண்டு காலத்தையும் ஒப்பிடும் இடம். அமெரிக்காதான் ரோம், சீனாதான் ரோமின் பழைய எதிரி நகரமான கார்த்தேஜ், அடுத்தது வீழ்ச்சி என்ற வகைக் காணொளிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரோமின் வீழ்ச்சிக்கு அறிஞர்கள் சொன்ன காரணங்களை ஒரு ஜெர்மன் வரலாற்றாசிரியர் தொகுத்தபோது 210 வந்தன. எதை வேண்டுமானாலும் எடுத்து இன்றைக்குப் பொருத்திவிடலாம். வீழ்ந்தது என்கிற 476ஆம் ஆண்டுகூட மேற்குப் பகுதிக்கு மட்டும் உரியது. கிழக்கு 1453 வரை இருந்தது. கார்த்தேஜ் நிலத்தில் ரோமர்கள் உப்பு தூவினார்கள் என்பதற்கும் பழைய ஆதாரம் ஏதும் இல்லை.

புவியியலை ஒப்பிட்டால் பலன் உண்டு, ஏனென்றால் நீரிணை இடம் மாறவில்லை. செங்கடலின் தென்பகுதியில் உள்ள ஃபரசான் தீவில் ரோமப் படைப்பிரிவு ஒன்று கி.பி. 144 வாக்கில் வெட்டிய லத்தீன் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. எகிப்துக்கு இத்தனை தெற்கே எதற்குப் படை என்ற கேள்வியிலிருந்து, இன்று அதே நீரிணையின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜிபூட்டியில் இத்தனை நாட்டு ராணுவத் தளங்கள் எதற்கு என்ற கேள்விக்கு நேராகப் போகலாம். இன்னொன்று: கொள்ளையருக்குப் பயந்து இந்தியா போகும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றினார்கள் என்கிறார் பிளினி. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த படைவீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்தவர். நடுவர் மன்றத் தீர்ப்பு 2020இல் வந்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்தபின் 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. வணிகக் கப்பலில் ஆயுதம் ஏறினால் அதற்கு யார் பொறுப்பு என்பது நம் கரையிலேயே கேட்கப்பட்ட கேள்வி.

படங்களுக்குச் சில விரைவுச் சோதனைகள். ரோமக் குதிரைவீரன் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) கால் வைத்திருந்தால் படம் பிற்காலக் கற்பனை அல்லது செயற்கை நுண்ணறிவு. கி.பி. 117இன் எல்லை வரைபடத்தை ரோமின் நிரந்தர எல்லை என்று காட்டினால் நம்ப வேண்டாம். மெசபடோமியாவை அடுத்த பேரரசர் ஹாட்ரியன் வந்தவுடன் விட்டுவிட்டார். போர்க் காணொளி என்றால் ஒரு காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். அர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போராகப் பலமுறை சுற்றியிருக்கின்றன.

போனில் செய்ய வேண்டியது எளிது. எக்ஸ் தளத்தில் இரண்டு லிஸ்ட் உருவாக்குங்கள்: ஒன்றில் அருங்காட்சியகங்கள், அகழாய்வுக் குழுக்கள், மற்றதில் கடற்படைகள், கடல் எச்சரிக்கை அமைப்புகள், செய்தி நிறுவனங்கள். பரிந்துரைப் பக்கத்தை விட்டுவிட்டு இந்த லிஸ்டுகளை மட்டும் திறந்தால் காலவரிசையில் படிக்கலாம்.

பழங்காசு விற்கும் குழுக்களில் சேரவே சேராதீர்கள். கொற்கை, ஆதிச்சநல்லூர்ப் பக்கம் வயலில் பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்படலம் போனால் எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த மன்னன் காசு என்று தெரிய ஆசையிருந்தால், அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமப் பேரரசுக் காசுகளைப் பட்டியலிடும் ஓசிஆர்இ தளத்தில் தலை உருவத்தையும் எழுத்துகளையும் வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.