ஃபிராங்க் கேப்ரியோ நிஜமான நீதிபதியா? அவர் அபராதத்தைத் தள்ளுபடி செய்தது சரிதானா?

கோர்ட் காணொளிகளில் பலருடைய அபராதத்தைத் தள்ளுபடி செய்து உலகப் புகழ் பெற்ற ஃபிராங்க் கேப்ரியோ நிஜமான நீதிபதிதான். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகர் பிராவிடன்ஸ். அந்த ஊர் நகராட்சி நீதிமன்றத்தில் 1985 முதல் 2023 ஜனவரி வரை இருந்தார். உங்கள் சந்தேகம் நியாயமானது. அங்கே டிவியில் ஓடும் கோர்ட் நிகழ்ச்சிகள் பலவும் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுப்பவை. புகழ்பெற்ற ஜட்ஜ் ஜூடி நிகழ்ச்சியில்கூட நடந்தது இரு தரப்பும் சம்மதித்து வந்த மத்தியஸ்தம்தான். கேப்ரியோ விஷயம் வேறு. கோர்ட்டும் உண்மை, எதிரே நிற்பவர் கையிலிருக்கும் அபராதச் சீட்டும் உண்மை.

கேமராவை கோர்ட்டுக்குள் கொண்டுவந்தது அவருடைய சகோதரர் ஜோ. வெகுகாலம் உள்ளூர் டிவியோடு நின்றிருந்த நிகழ்ச்சி, 2017 வாக்கில் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பரவி உலகம் முழுக்கப் போய்விட்டது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கேப்ரியோ முகத்தைப் பார்த்தே, "விட்டுருவார் பாரு" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

அங்கே வந்தவை பெரும்பாலும் சின்ன வழக்குகள்: சிவப்பு விளக்கைத் தாண்டியது, தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியது, பள்ளிக்கூடப் பகுதியில் வேகமாகப் போனது. ஆனால் வாரச் சம்பளத்தை நம்பி இருப்பவருக்கு அந்தத் தொகை சின்னதில்லை. கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் ஏறும், கடைசியில் வண்டிச் சக்கரத்துக்குப் பூட்டு விழும். வண்டி நின்றால் வேலைக்குப் போக முடியாது.

இது கேப்ரியோவுக்கு நன்றாகத் தெரியும். 1936இல் அதே ஊரில், இத்தாலியர் நிறைந்த ஃபெடரல் ஹில் பகுதியில் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து வந்து பழமும் பாலும் விற்றவர். மகனும் சின்ன வயதில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், பாத்திரம் கழுவினார். பிறகு பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே பாஸ்டனில் இரவுக் கல்லூரியில் சட்டம் படித்து 1965இல் முடித்தார். இடையில் ஆறு வருடம் நகர சபை உறுப்பினர். 1970இல் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

நீதிபதியான புதிதில் நடந்ததாக அவரே பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. நிறைய பார்க்கிங் சீட்டுகளோடு வந்த ஒரு பெண் வெடுக்கென்று பேசியிருக்கிறார். இவரும் விறைப்பாக உத்தரவு போட்டுவிட்டார். அன்று பார்வையாளர் வரிசையில் அப்பா. பாராட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனால், "அவள் பயந்துபோய் அப்படிப் பேசினாள், நீ அவள் கஷ்டத்தைக் கேட்டிருக்க வேண்டும்" என்கிற ரீதியில் கண்டித்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் நடத்திய விசாரணைகளில் முதலில் வந்தது கேள்விதான். எங்கே வேலை? குழந்தைகள் எத்தனை? ஏன் அவசரம்?

96 வயது முதியவர் வழக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பகுதியில் வேகமாக ஓட்டியதாகச் சீட்டு. தேவை இருந்தால்தான் ஓட்டுவேன், அதுவும் மெதுவாகத்தான் என்கிறார். அன்று என்ன தேவை என்று கேட்டால், புற்றுநோய் வந்த 63 வயது மகனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாராம். வழக்கு அங்கேயே முடிந்தது.

சரி, இப்படி விடுவது சட்டத்தை வளைப்பதா? நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மாதிரி சிறு வழக்குகளில் சூழ்நிலையைப் பார்த்து அபராதத்தைக் குறைக்கவும் விலக்கவும் நீதிபதிக்கு இடம் உண்டு. அவர் எல்லோரையும் விட்டுவிடவும் இல்லை. கட்ட முடிந்தவர்களைக் கட்டச் சொன்னார், சிலருக்கு அவகாசம் கொடுத்தார். பார்வையாளர்கள் அனுப்பிய நன்கொடையை அவருடைய அம்மா பிலோமினா பெயரிலிருந்த நிதியில் சேர்த்து, வழியில்லாதவர்களின் அபராதத்தை அதிலிருந்து கட்டியதும் உண்டு.

எனக்கு உறுத்துவது கேமராதான். மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கோர்ட்டில் நின்று அழுததைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தோம். அபராதத்தை 50 டாலராகக் குறைத்தும், அதைக் கட்டினால் கையில் 5 டாலர்தான் மிஞ்சும் என்றார். அதையும் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழையின் துக்கம் இப்படி ஊர் பார்க்கும் காட்சியாவது அவ்வளவு சரியில்லை என்றே படுகிறது.

2023 டிசம்பரில் தனக்குக் கணையப் புற்றுநோய் என்று அறிவித்தார். 2025 ஆகஸ்ட் 20 அன்று, 88 வயதில் காலமானார். அதற்கு முந்தைய நாள்கூட மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, எனக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று காணொளி போட்டிருந்தார்.

கண்ணீர் வரவழைக்கும் காணொளிகளோடு நிறுத்தாதீர்கள். அவர் அபராதம் கட்டச் சொன்ன வழக்குகளையும் தேடிப் பாருங்கள். அங்கேயும் அதே பொறுமையோடுதான் கேட்டிருக்கிறார்.