டேலி தெரிந்தும் கணக்கர் வேலை கிடைக்காதது ஏன்?

கேள்வி: பி.காம். முடித்து, டேலி (கணக்கு மென்பொருள்), எக்செல் சான்றிதழ்களும் பெற்றிருக்கிறேன். திருப்பூரில் நான்கு நிறுவனங்களில் கணக்குப் பிரிவு நேர்காணலுக்குச் சென்றும் 'அனுபவம் இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் எதிர்பார்க்கும் திறன்தான் என்ன?

பதில்: டேலியில் வவுச்சர் பதியத் தெரிந்திருப்பது இன்று தனித் தகுதியாகாது, உங்களுடன் காத்திருந்தவர்களிடமும் அதே சான்றிதழ் இருந்திருக்கும். பதிந்த கணக்கு ஒத்துப்போகாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் நிறுவனங்கள் அறிய விரும்புகின்றன.

மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் மாதப் பட்டியலான 2பி அறிக்கை 14ஆம் தேதி வரும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதச் சுருக்க விவரத்தைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். 5 சதவீத வரியுள்ள, ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நூல் பில் ஒன்றை விற்றவர் தமது தாக்கலில் விட்டுவிட்டால், 5,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது) அந்த மாதம் எடுக்க இயலாது; ஏற்றுமதி நிறுவனமாயின் திரும்பப் பெற வேண்டிய வரித்தொகையும் முடங்கும். 2பி வந்த பிறகு தொலைபேசியில் அழைப்பது அந்த மாதத்துக்கு உதவாது என்பதால், 11ஆம் தேதிக்கு முன்பே, விற்றவர்கள் பதிவேற்றப் பதிவேற்றப் பில்களைக் காட்டும் 2ஏ அறிக்கையைக் கொள்முதல் ஏட்டுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்து, விற்றவரிடம் பணிவாகவும் விடாமலும் பேசிப் பதிவேற்றச் செய்பவரே நல்ல கணக்கர். எக்செலில் பட்டியல்களை ஒப்பிட்டுத் தேடும் வி-லுக்கப்பும் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையும் இதற்குத்தான் தேவைப்படுகின்றன. பேச்சுத் திறன் என்று விளம்பரங்களில் எழுதுவதும், கணக்குப் பிரிவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இந்தத் தொலைபேசிப் பேச்சைத்தான்.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்பது, ஏட்டு இருப்பும் வங்கி இருப்பும் 900 ரூபாய் வேறுபட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள் என்பது. வங்கிக்கு இன்னும் வராத காசோலை, பதியப்படாத வங்கிக் கட்டணம் என்று தொடங்கி, வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபடுவதால் 4,500 என்பது 5,400 என இலக்கம் மாறிப் பதிவாகியிருக்கலாம் என்பது வரை சொல்பவரை அனுபவமற்றவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

இந்தத் திறனைப் பெற ஆறு மாதங்கள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், ஊதியம் குறைவாக இருந்தாலும், பணியாற்றுவது நல்ல வழி. பட்டதாரிகளுக்கான மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்திலும் இணையத்தில் பதிவு செய்யலாம். தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. இவை அமையும் வரை, உறவினர் ஒருவரின் கடைக் கணக்கை அனுமதியுடன் வாங்கி, மூன்று மாதக் கொள்முதலை 2பியுடன் ஒப்பிட்டு, வங்கிச் சரிபார்ப்பு அறிக்கையும் தயாரியுங்கள். தன்விவரக் குறிப்பில் 'எக்செல் தெரியும்' என்ற வரியை எடுத்துவிட்டு, எத்தனை பில்களை ஒப்பிட்டீர்கள், எத்தனை விடுபட்டிருந்தன என்று எழுதுங்கள். அந்தத் தாள்களை நேர்காணலுக்கு எடுத்துச் செல்வதாயின், கடையின் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் மறந்துவிடாமல் மறைத்துவிடுங்கள். எதிரே அமர்ந்திருப்பவர் முதலில் கவனிப்பது அதுவாகவும் இருக்கலாம்.